மிசின் வந்த அன்னைக்கு மட்டும் மலை அமைதி

கல் குவாரி வெடியால நம்ம லயத்துச் சுவர், அதான் தோட்டத்து வரிசை வீட்டுச் சுவர், பிளக்குதுன்னு பெட்டிசன் போட்டோம். அதிர்வு அளக்கிற மிசினோட வந்தாங்க. வந்த கணக்கு 3.1. செக்கனுக்கு 3.1 மில்லிமீற்றர். அனுமதி நிபந்தனையில எழுதியிருக்கிற எல்லை 5. ஆகவே அதிர்வு இல்ல, ஆபத்து இல்ல, லயத்துச் சுவர் சும்மா சந்தோஷத்துல வாயைப் பிளந்து சிரிச்சுக்கிட்டு இருக்கு. பெட்டிசன் ஃபைலை மூடிட்டாங்க.

அந்த 3.1 பொய்யின்னா கூட மனசு ஆறும். பொய் இல்லியே! மிசின் சரி, அது சரியா அளக்குதுன்னு சொல்ற கலிபிரேஷன் தாள் சரி. அளக்க வந்த தம்பி, அதிர்வைப் பிடிக்கிற ஜியோஃபோனை லயத்து அத்திவாரத்துப் பக்கத்துலயே ஆணி இறுக்கி, மேல மணல் மூட்டை வச்சு, அம்புக்குறியைக் குவாரிப் பக்கம் திருப்பித்தான் வச்சாரு. வேலை சுத்தம். அவர் அளந்த குவாரிதான் வேற குவாரி.

நடந்ததைப் பாருங்க. செவ்வாய்க்கிழமை அளக்க வாறோம்னு முந்தின வெள்ளிக்கிழமையே குவாரிக்குக் கடிதம் போயாச்சு. கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை வச்ச மாதிரி. சனிக்கிழமை, குவாரித் தண்ணியைத் தெளிய விடுற வண்டல் குளத்தைத் தூர் வாரினாங்க. அது குளமா, சேத்து வயலான்னு தெரியாம வருஷம் முழுக்கக் கிடந்தது. அதுல இருந்து ஓடைக்கு விடுற தண்ணியில மிதக்கிற தூசு லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. மத்த நாள்ல பால் டீ கலர்லதான் ஓடுது. ஞாயித்துக்கிழமை, தூசி அடக்கத் தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே நொசில். கல்லு உடைக்கிற கிரஷரோட ஜோ வாயில, கோன்ல, சல்லடைக்கு மேல, பெல்ட் கொட்டுற தலையில, எல்லாத்துக்கும் புதுசு. பழசு ஏன் அடைச்சது? அந்தச் சேத்துக் குளத்துத் தண்ணியையே பில்டர் இல்லாம பம்ப் பண்ணினா நொசில் ஒரு வாரம் தாங்காது. பில்டர் போட்டாங்களான்னு கேக்காதீங்க. திங்கட்கிழமை பவுசர் வச்சு ரோட்டையே குளிப்பாட்டினாங்க. செவ்வாய்க்கிழமை காலையில ரோட்டுல படுத்துத் தூங்கலாம், அவ்வளவு சுத்தம்.

தூசி மிசின் 24 மணித்தியாலம் ஓடும். மூச்சோட உள்ள போற நுண்தூசி பீஎம் 10க்கு எல்லை, 24 மணித்தியாலச் சராசரி கனமீற்றருக்கு 100 மைக்ரோகிராம். கிரஷர் ஓடுறது 8 மணித்தியாலம். அந்த எட்டுலயும் 220 அடிச்சாலும், மிச்சம் 16 மணித்தியாலம் கிரஷர் மூடி, பனி இறங்கி, 30ல நின்னா சராசரி 93. பாஸ்! பகல் முழுக்க இருமின பிள்ளை ராத்திரியில இருமாத மணித்தியாலத்தையும் கூட்டிப் பிரிச்சுக்கணும் போல. அதுவும் அளக்கிற மாசம் ஜூன். தென்மேல் மழையில ஹட்டன் பக்கம் தூசியைத் தேடுறதும், ஜனவரியில நுவரெலியாவில வெயில்ல கருகினவனைத் தேடுறதும் ஒண்ணுதான்.

இப்ப வெடிக்கு வருவோம். நில அதிர்வு, மொத்தமா எத்தனை கிலோ வச்சாங்கங்கிறதைவிட, ஒரே டிலேயில, அதாவது இம்மி நேர இடைவெளி விட்டுப் பிரிச்சு வெடிக்கிறதுல ஒரு தடவைக்கு, எத்தனை கிலோ வெடிக்குதுங்கிறதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதே தூரத்துல ஒரு டிலேக்கான மருந்தைக் காலாக்கினா அதிர்வு ஏறக்குறைய மூணில ஒரு பங்காகும். மத்த நாள்ல ஏழெட்டுக் குழி ஒரே டிலே நம்பர் டெட்டனேட்டர்ல (மருந்தைக் கிளப்புற கேப்) சேர்ந்து போகும். அன்னைக்கு மட்டும் ரெண்டு ரெண்டு குழியாப் பிரிச்சு, டிலே மாத்தி, "டப், டப், டப்"புன்னு தாலாட்டு. 9 அடிக்க வேண்டிய இடத்துல 3. "தினமும் இப்படித்தானா?"ன்னு தம்பி கேட்டதுக்கு அன்னையத் தாளைக் காட்டினாங்க. அன்னையத் தாள் சரியாத்தானே இருக்கும் ராசா!

நேரமும் பகல் ஒன்றரை, மழை விட்டு நல்ல வெயில். மத்த நாள்ல காலை ஏழு மணிக்கு, பள்ளத்தாக்குல பனி மூடி நிக்கும்போது வைக்கிறாங்க. கீழே குளிர், மேல சூடுன்னு காத்து நிக்கிறப்போ சத்தம் மேல போகாம வளைஞ்சு நம்ம தலையிலயே விழும். தகரம் கிடுகிடுன்னு ஆடுறது பாதி இந்தக் காத்து அழுத்தத்தாலதான். அதுக்கு எல்லை 120 டெசிபல். வெயில்ல அளந்தா வராது, போங்க.

கடைசியில சொல்லுவாங்க, "லயம் பழசுதானே, சுவர் வெடிக்கத்தான் செய்யும்." பழசுன்னா இன்னும் மெதுவால்ல வெடி வைக்கணும்? கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29ல வந்தது மழை மண்சரிவு, வெடியால வந்ததில்ல. ஆனா அதுக்குப் பிறகு மலையில என்ன அதிர்ந்தாலும் நம்ம சனம் முதல்ல பிள்ளையைத்தான் தூக்கும்.

இன்னொரு கூத்து 600 கனமீற்றர். 2008 வர்த்தமானியில, மாசம் எடுக்கிற கல் 600க்குக் கீழே, தனிக்குழி வெடின்னா பி பட்டியல், சுற்றாடல் அனுமதிப்பத்திரம் மூணு வருஷத்துக்குன்னு இருந்தது. அதுக்கு மேலன்னா, இல்ல பல குழியைச் சேர்த்து வெடிச்சா, ஏ பட்டியல், வருஷாவருஷம் புதுப்பிக்கணும்னு இருந்தது. கடுதாசியில எப்பவும் 590தான். 600 கனமீற்றர்ங்கிறது 212 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூணு கியூப் டிப்பர்ல 71 லோட். மாசம் 25 நாள் வேலைன்னா, ஒரு நாளைக்கு மூணு டிப்பர் கூட முழுசா இல்ல. கடைச் சந்தியில நின்னு எண்ணிப் பாருங்க, பத்து மணி தேத்தண்ணிக்கு முன்னாடியே அஞ்சாவது டிப்பர் இறங்கிரும். அஞ்சாம் வகுப்புக் கணக்குய்யா இது!

அந்த அதிர்வு மிசினை ஒரு மாசம் பூட்டுப் போட்டு லயத்துலயே விட்டுட்டுப் போகலாம். எவ்வளவு அதிர்ந்தா பதியணும்ங்கிற தொடக்க அளவை 0.5 மில்லிமீற்றர்ல வச்சா வெடி வர்றப்போ தானா முழிச்சுப் பதிஞ்சுக்கும். பக்கத்துல ஆள் நிக்கத் தேவையே இல்ல, அதைச் செஞ்சதே அதுக்குத்தான். அதுவும் முடியாதா? வெடிமருந்துக் களஞ்சியப் புத்தகத்தைத் திறந்து, அளந்த அன்னைக்கு எந்தெந்த டிலே நம்பர் டெட்டனேட்டர் வெளிய போனது, முந்தின மாசம் ஒரு வெடிக்கு எந்தெந்த நம்பர் போனதுன்னு ரெண்டு வரியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பேனா கூடத் தேவைப்படாது.

வந்தவங்களுக்கு அன்னைக்கு நல்ல பி.ஓ.பி. ரகத் தேத்தண்ணி. கொழுந்து பறிக்கிறவங்க வீட்டுல குடிக்கிறது டஸ்ட்ங்கிற தூள் ரகம். கோப்பையிலயும் டஸ்ட், கூரையிலயும் டஸ்ட். கூரையில இருக்கிறதைக் கூட்டி அள்ளி கொழும்பு ஏலத்துக்கு அனுப்பினா டஸ்ட் நம்பர் ஒன்னுன்னு நல்ல விலைக்கே போகும் போலிருக்கு.

இந்தா, பாட்டுப் போட்டுக்கிட்டுப் பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோக்காரனும் வந்துட்டான், அதே பாட்டோட. ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்கணும்னு சட்டம். கையில எடுத்தா காத்து. இவனையும் நிறுக்கப் போறோம்னு வெள்ளிக்கிழமையே கடிதம் போட்டுட்டு வாங்க, செவ்வாய்க்கிழமை அரைக் கிலோவுக்குக் கொண்டாந்து தருவான்.