கேஷ் வேறு, காசு வேறு. இப்போது திட்டுங்கள்

"கேஷ் என்பதே நம்ம காசுதான்" என்று சமூக வலைத்தளங்களில் சுற்றிவரும் அந்தப் படத்துக்குக் கீழே, அப்படியில்லை என்று மூணே வரிதான் எழுதினேன். 'தமிழ்த் துரோகி' பட்டம் கிடைத்துவிட்டது. வைத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் கேஷ் ஒரு சொல் அல்ல, இரண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. "கேஷா, கார்டா?" என்று கடையில் கேட்கிறார்களே, அதற்கு மூலம் லத்தீன் 'காப்ஸா', அதாவது பெட்டி. இத்தாலியனில் 'காஸ்ஸா' ஆகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பணப்பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் கிடந்த பணத்தையும் குறித்தது. "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று நாம் கேட்பதில்லையா? அதே கதைதான். கேஷியர் கல்லாவில் உட்காருகிறவர், அவ்வளவே.

இன்னொரு கேஷ் இருக்கிறது. அது சந்தேகமில்லாமல் நம்முடையது. போர்ச்சுகீசியர் வாயில் காசு 'கைஷா' ஆனது (அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்), அங்கிருந்து ஆங்கிலத்தில் கேஷ். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயக் கணக்கில் 80 காசு ஒரு 'பணம்' (அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஆக, வராகனுக்கு 3,360 காசு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோஹோ நாணய ஆலையில் அடித்து 1808 என்று பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களோடு 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஆங்கிலத்தில் இந்தக் கேஷ்தான் பெயர். நம் சொல் சீனக் காசுமேல் போய் உட்கார்ந்திருக்கிறது! பெருமைப்பட இது போதாதா?

"ஒலி ஒன்றாக இருக்கிறதே" என்கிறீர்கள். கேஷ்யூவிலும் கேஷ் இருக்கிறது. அது பிரேசில் பூர்வகுடிகளின் டூபி மொழிச் சொல். முந்திரியையும் உரிமை கோரலாமா?

"தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே காசு இருக்கிறது" என்கிறீர்கள். இருக்கிறது, யார் மறுத்தார்? மூத்தவர் என்பதால் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா ஆகிவிட முடியுமா? ஒரு சொல் ஆங்கிலத்தில் முதலில் எந்தப் பொருளில் நுழைந்தது, யார் வாய் வழியாக வந்தது, இந்த இரண்டையும் பாருங்கள். பெட்டியா, சில்லறையா என்று அங்கேயே பிரிந்துவிடும்.

"வெள்ளைக்காரன் அகராதியை நம்புறியா?" கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் தமிழிலிருந்து போனவை என்று அதே அகராதி சொன்னபோது மட்டும் பொன்னாடை போர்த்தினீர்களே!

தமிழ் தெரியாத ஒருவர் சிரித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான கேஷை எடுத்து நீட்டியும், பொய்யான கேஷுக்காக நம்மவர்களே அடிக்க வருவதுதான் வலிக்கிறது. அந்தப் படத்துக்கு இன்னும் லைக் ஏறிக்கொண்டிருக்கிறது.