எலி சொன்னதை முழுசாகச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாயவரம் மண்டபத்தில் நடந்த பேச்சைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, திறக்கிறேன். "ஒரு தடவை கதிர்வீச்சு பட்டால் ஏழு தலைமுறைக்கு ஊனம், எலியிலேயே நிரூபித்தாகிவிட்டது" என்றார் பேச்சாளர். என்ன கைதட்டல்!

எந்த எலி ஐயா? எவ்வளவு கதிர்? எவ்வளவு நேரத்தில்?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ரஸ்ஸலும் அவர் மனைவி லியானும் 1940களின் கடைசியில் ஆரம்பித்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுண்டெலிகளைப் பார்த்தார்கள். அப்பன் எலிக்குக் கதிர் கொடுத்து, குட்டியின் ரோம நிறமும் காதும் மாறுகிறதா என்று ஏழே ஏழு மரபணுக்களைத் துரத்தினார்கள். மாறியது. நான் மறைக்கவில்லை. ஆனால் 1958ல் அவர்கள் சொன்ன அடுத்த சேதியை மேடையில் விழுங்கிவிட்டார்கள். அதே அளவை ஒரேயடியாகக் கொடுக்காமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபோது, மாற்றங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? முறை வைத்துப் பாய்ச்சும் தண்ணீரும், ராத்திரியோடு ராத்திரியாகக் கரை உடைத்து வரும் தண்ணீரும் ஒன்றா? அந்த எலிகளுக்குக் கொடுத்தது நூற்றுக்கணக்கான ராண்ட்ஜன்; உடம்பில் படும் கதிரை இப்போது அளக்கும் மில்லிசீவர்ட்டில் சொன்னால் ஆயிரக்கணக்கில். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட். சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணும் வானமும் வருஷத்துக்குச் சராசரி 2.4 கொடுக்கின்றன. எவ்வளவு, எவ்வளவு நேரத்தில். இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

"அப்போ கொஞ்சம் பட்டால் நல்லதா?" என்று ஒருவர் வருவார். அப்படி எங்கே சொன்னேன்? மாற்றம் அவ்வளவு அரிது, அதனால்தான் அத்தனை எலி தேவைப்பட்டது. "எலி வேறு, மனிதன் வேறு" என்பவருக்கு: எலியை மேடைக்குக் கூட்டி வந்தது நீங்கள். மனிதனையும் பார்த்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் பிறந்த சுமார் 77,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கதிர் பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பிறவிக் கோளாறு கூடியதாகத் திட்டவட்டமாகத் தெரியவில்லை. "அணு உலைக்காரன் காசு கொடுத்தானா?" என்பவர் போய் வேலையைப் பார்க்கட்டும். எண்ணெய் எடுப்பதை எதிர்த்து நடந்த கதிராமங்கலம் போராட்டத்தில் வெயிலில் உட்கார்ந்தவன்தான் நானும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், நான் 24 வருஷமாக எக்ஸ்ரே அறையில் நிற்பவன். 2003ல் திருவாரூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். ஜாதகம் பொருந்தியது, காபியும் வந்தது. என் வேலையைக் கேட்டதும் பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "வெந்த நெல்லு முளைக்குமா தம்பி?"

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். என் சட்டையில் குத்தியிருக்கும் கதிர் அளக்கும் பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய் வரும். ஒரு தடவைகூட வரம்பைத் தொட்டதில்லை. அதையும் ஜாதகத்தோடு எடுத்துப் போயிருக்க வேண்டுமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டியவர் அந்தப் பெண்ணின் அப்பாதான். போன மாதம் முட்டி வலிக்குப் படம் எடுக்க எங்கள் அறைக்குத்தான் வந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, ரெண்டு காலுக்குமே எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன்.