ஆர்மேனியா போனால் புத்தக அறையைப் பார்க்காமல் வராதீர்கள்

துபாய், ஷார்ஜா பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் விடுமுறைக்கு ஆர்மேனியா போவது இப்போது சகஜமாகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பேக்கேஜை எடுத்தாலும் அதே பட்டியல். காலையில் கார்னி கோயில், அப்புறம் கெகார்ட் மடம், மதியம் செவான் ஏரி, இன்னொரு நாள் அராராத் மலை தெரிகிற கோர் விராப் மடம். இறங்கி போட்டோ எடுத்துவிட்டு வண்டி ஏற வேண்டியதுதான். மூன்றாவது மடத்துக்குள் "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று சலிப்பு தட்டிவிடுகிறது.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. இந்த மடங்களில் சாமி கும்பிட்டது மட்டுமா நடந்தது? பிள்ளைகள் படித்தார்கள், துறவிகள் உட்கார்ந்து ஏடுகளைப் பிரதி எடுத்தார்கள். கிபி 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் ஆர்மேனிய எழுத்துகளை உருவாக்கியதிலிருந்து அந்த மக்கள் தங்கள் மொழியைக் காப்பாற்றிய இடமே மடம்தான். வழிகாட்டிகள் பலிபீடத்தைக் காட்டிவிட்டுப் புத்தக அறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வடக்கே தெபெத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சனாஹின், ஹாக்பாட் என்று இரண்டு மடங்கள். இரண்டும் 10ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. யுனெஸ்கோ பட்டியலில் ஹாக்பாட் 1996இலும் சனாஹின் 2000இலும் சேர்ந்தன. தலைநகர் யெரெவானிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் ஒருநாள் பேக்கேஜ்களில் பெரும்பாலும் வராது. சனாஹினில் இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே ஒரு நீளமான, இருண்ட நடை. இரு பக்கமும் தூண்கள். தூண்களுக்கு இடையே மாணவர்கள் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் நடுவில் நடந்துகொண்டே பாடம் நடத்துவார் என்று சொல்கிறார்கள். சற்றுத் தள்ளி 1063இல் கட்டிய புத்தக அறை. காலுக்குக் கீழே முழுக்கக் கல்லறைப் பலகைகள். எழுத்துகள் பாதி தேய்ந்திருக்கின்றன. மிதிக்க நமக்குத்தான் கூசுகிறது. மிதிபட வேண்டும் என்று விரும்பியே அங்கே புதைக்கச் சொன்னார்களாம்.

ஹாக்பாட் புத்தக அறையில் தரைக்குள் பெரிய பெரிய மண்சாடிகள் கழுத்துவரை புதைந்திருக்கும். ஏடுகள் இருந்த அறை பிற்காலத்தில் பண்டகசாலையாக மாறிப்போனதன் அடையாளம் அது. படையெடுப்பு வரும்போதெல்லாம் ஏடுகளைத் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கும் குகைகளுக்கு ஓடியிருக்கிறார்கள்.

தில்ஜான் ஊர்ப் பக்கம் கோஷவாங்க் மடத்துக்கும் போங்கள். ஆர்மேனியச் சட்டங்களைத் தொகுத்த முகிதார் கோஷ் நிறுவியது. 1291இல் பொகோஸ் என்கிற சிற்பி செதுக்கிய சிலுவைக்கல் ஒன்று அங்கே நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு பூவேலைக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கல்லில் பின்னிய லேஸ்தான் அது.

கார்னியையும் கெகார்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 1679 நிலநடுக்கத்தில் விழுந்த கார்னி கோயிலை 1975 வாக்கில் எடுத்துக் கட்டியபோது, புதிதாக வைத்த கற்களை வேலைப்பாடு இல்லாமல் வெறுமையாகவே விட்டார்கள். பழசு எது, புதுசு எது என்று யாருக்கும் தெரியும். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த எழுத்துப் பித்து நம் ஊர்வரை வந்திருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் வெளியானது மெட்ராஸில். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன், அரண்மனைக்காரத் தெரு ஆர்மேனிய தேவாலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யெரெவானில் இறங்கியதும் முதலில் மாத்தெனதாரன் சுவடிக் காப்பகத்துக்குப் போங்கள். 28 கிலோ எடையுள்ள முஷ் ஏட்டைப் பாருங்கள், பழைய பிரசங்கத் தொகுப்பு அது. 1915 இனப்படுகொலையின்போது பாழடைந்த மடத்தில் அதைக் கண்டெடுத்த இரண்டு பெண்கள், தூக்க முடியாமல் இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள். ஒரு பாதி ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் வந்து சேர்ந்தது. இன்னொருத்தி வழியிலேயே இறந்துபோனாள். அதற்கு முன் தன் பாதியை இன்றைய துருக்கியிலுள்ள எர்சுரூமில் புதைத்துவைத்திருந்தாள். அதுவும் பின்னால் கிடைத்தது. இதைப் பார்த்துவிட்டு மறுநாள் சனாஹினுக்கு வண்டி பிடியுங்கள். செவான் ஏரிக்கு ஒரு நாள் குறைந்தால் பரவாயில்லை.