யார் காசில் கட்டின ஆஸ்பத்திரி?

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கைதட்டல் முடியும் வரை பார்த்தேன்.

"வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்துட்டுப் போன ஆஸ்பத்திரிய வெச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்கோம், சொந்தமா நாம என்ன கிழிச்சோம்?" என்று கேட்கிறார் பேச்சாளர். அதுவும் ஒரு தனியார் மருத்துவமனைத் திறப்பு விழா மேடையில். சரி, அவருக்குப் பேச்சு தொழில், பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு உறைத்தது வேறு. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவன், அதை இதயம் போட்டுப் பகிர்ந்திருக்கிறான். கீழே நான் இரண்டு வரி எழுதினேன். "எதுக்கெடுத்தாலும் எமோஷனல் ஆகாதே, ஃபேக்ட் பேசு" என்று பதில் வந்தது.

பேசுவோமே.

சென்னை ஜி.எச்.சிலிருந்தே தொடங்கலாம், எல்லோரும் அந்தப் படத்தைத்தானே போடுகிறார்கள். 1664இல் கோட்டைக்குள் கம்பெனி சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. இப்போது இருக்கும் இடத்துக்கு 1772இல் வந்தது. நம் ஆட்களுக்கு அங்கே கதவு திறந்தது 1842இல். கிட்டத்தட்ட நூற்று எண்பது வருஷம். அதுவரை காய்ச்சல் வந்தால் நாம் எங்கே போனோம் என்று அந்த மேடையில் யாராவது கேட்டார்களா?

ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றால் இன்னும் சுவாரசியம். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு கும்பிடு, நான் ஒன்றும் நன்றி கெட்டவன் இல்லை. ஜனங்கள் வைத்த பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. அரசாங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது 1910இல். ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் ஒட்டியது 1930களில். நூறு வருஷத்துக்கு மேல் சத்திரமாகவும் தர்மமாகவும் ஓடிய இடத்துக்குக் கடைசியில் வந்தவர் பெயர். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே!

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி ராஜா சர் ராமசாமி முதலியார் கொடுத்த காசு. சென்ட்ரல் எதிரே சத்திரம் கட்டிய அதே மனிதர். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு யார் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம், வாசலில் எழுதியிருக்கிறது. என் அம்மா என்னைப் பெற்றது அங்கேதான். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கு (கோஷா என்றால் திரைக்குள் இருக்கும் பெண்கள்) வெங்கடகிரி ராஜா கொடுத்தார். எங்கெல்லாம் விக்டோரியா கட்டடம் என்று மயங்குகிறீர்களோ அங்கெல்லாம் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், ஒரு ஜமீன்தாரோ செட்டியாரோ முதலியாரோ உள்ளே இருப்பார்.

உடனே வருவீர்கள் தெரியும். "அவர்களும் பணக்காரர்கள்தானே, சர் பட்டத்துக்காகக் கொடுத்தார்கள்." ஆமாம், பட்டத்துக்காகத்தான் கொடுத்தார்கள். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? குடியானவன் வயலில் இருந்து. ஆக என் கேள்வி அப்படியே நிற்கிறது: யார் காசு?

பெரிய ஆஸ்பத்திரிகளை விடுங்கள். கிராமத்துக்கு வாருங்கள். மதராஸ் மாகாணத்தில் 1871இல் லோக்கல் ஃபண்ட்ஸ் சட்டம் வந்தது. நிலத்தீர்வை போதாதென்று அதற்கு மேல் ஒரு செஸ், அதாவது கூடுதல் வரி. ரோடு, பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி எல்லாம் அந்தக் கணக்கில். 1884இல் அதையே லோக்கல் போர்டு சட்டம் ஆக்கினார்கள். லண்டன் கஜானாவிலிருந்து யாரும் மூட்டை கட்டி அனுப்பவில்லை. தாலுகா தாலுகாவாக எல்.எஃப். (லோக்கல் ஃபண்ட்) டிஸ்பென்சரி நடந்தது விவசாயி கட்டிய செஸ்ஸில். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் தாத்தா அப்படி ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஊர். இன்றைக்கும் அங்கே எங்கள் வீட்டுக்குப் பெயர் கம்பவுண்டர் வீடு.

மிக்ஸ்சர் வாங்க வருபவர்கள் பாட்டிலைக் கையோடு கொண்டுவர வேண்டும். நல்லெண்ணெய் வாசம் போகாத பாட்டில், சீமைச் சாராய பாட்டில், எது கிடைக்கிறதோ அது. தாத்தா ஒரு வெள்ளைத்தாளை நீளமாகக் கிழித்து, மடித்து, ஓரத்தைக் கத்தரியால் சின்னதாக நறுக்குவார். பிரித்தால் ஏணி மாதிரி பல் பல்லாக இருக்கும். மைதாப் பசையில் பாட்டில் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ரிட்டயர் ஆன பிறகும் எங்களுக்கு இருமல் என்றால் அதே காகிதம், அதே நறுக்கல். விரல் நடுங்கினாலும் பல் கோணாது.

வாந்திபேதி வந்த வருஷங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணறு கிணறாகப் போய் பெர்மாங்கனேட் கரைத்துவிட்டு வருவார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறும். "ஐயரே, விஷம் கலக்குறியா" என்று ஒரு தெருவில் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்களாம். (தாத்தா ஐயர் இல்லை. வேட்டி வெள்ளையாக இருந்தால் ஐயர், அவ்வளவுதான்.) ஒரு வாளி இறைத்து அவரே முதலில் குடித்துக் காட்டியிருக்கிறார். மேலதிகாரி வருஷத்துக்கு ஒரு தரம் வருவார், பீரோவைத் திறந்து கொய்னா (மலேரியாவுக்கான குயினைன்) மாத்திரையை எண்ணுவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அறிக்கையில் யார் பெயர் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கொய்னா என்றதும் ஞாபகம் வருகிறது. கொய்னா எடுக்கும் சின்கோனா மரத்தை 1860களில் நீலகிரியில் கொண்டுவந்து நட்டதையும் ஒரு கொடையாகச் சொல்கிறார்கள். மலேரியாவில் சிப்பாயும் அதிகாரியும் செத்துக்கொண்டிருந்தால் சாம்ராஜ்யம் எப்படி நடக்கும்? நடுவட்டத்தில் அந்தத் தோட்டத்துக்காகக் காடு வெட்டியவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. அதையும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுங்கள்.

சரி, ஃபேக்ட் கேட்ட டாக்டருக்கு ஒரு ஃபேக்ட். வெள்ளைக்கார அரசாங்கமே 1943இல் ஜோசப் போர் (Bhore) தலைமையில் போட்ட சுகாதாரக் குழு, போர் கமிட்டி (யுத்தம் இல்லை, ஆள் பெயர்). அறிக்கை 1946இல் வந்தது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கை, அதாவது நாலாயிரம் பேருக்கு ஒன்று. அதே அறிக்கை இங்கிலாந்துக்குச் சொல்வது ஆயிரம் பேருக்கு 7.14. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் செத்தது 162. சராசரி ஆயுள் இருபத்தேழை எட்டவில்லை. இதுதான் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன லட்சணம். தமிழ்நாட்டில் அதே கணக்கு 2020இல் 13. இதை யார் கிழித்தார்கள்? கிராமத்துக்குக் கிராமம் நடந்த வில்லேஜ் ஹெல்த் நர்ஸ் கிழித்தார். பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) ராத்திரி கண் விழித்துப் பிரசவம் பார்த்தவர் கிழித்தார்.

"டாக்டர்களுக்குப் படிப்புக் கொடுத்தானே" என்பீர்கள். கொடுத்தான். 1835இல் தொடங்கிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் ஓர் இந்தியர் முதல்வர் நாற்காலியில் உட்கார 1939 வரை ஆனது, ஆ. லட்சுமணசாமி முதலியார். நூறு வருஷமாகத் தகுதியான ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"ரயில் விட்டான்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். தலித் நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டார்: "எங்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தது அவர்கள்தானே தோழர், உங்கள் சத்திரத்துக்குள் எங்களை விட்டிருப்பீர்களா?" நியாயம். விட்டிருக்க மாட்டார்கள். என் தாத்தாவின் டிஸ்பென்சரியிலேயே தனி வரிசை இருந்ததா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மிஷனரிகள், அரசாங்கம் இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அமெரிக்கர், ஐயா! அரசாங்கம் என்ன செய்தது? மேலே சொன்ன அதே கோஷா ஆஸ்பத்திரி, 1885இல் அரசாங்க ஆதரவோடு தொடங்கி, பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்தது; அதன் பழைய பெயர் விக்டோரியா காஸ்ட் அண்ட் கோஷா ஹாஸ்பிடல், அதாவது சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும். அதைத் தொடங்கிய மேரி ஷார்லீப் நல்ல டாக்டர், நல்ல மனுஷி, மறுக்கவில்லை. சாதியைப் போர்டில் எழுதி மாட்டினதும் அதே ஆஸ்பத்திரிதான். நண்பருக்கு இது போதாது என்று தெரியும். அவரோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன், இங்கே அவரைச் சாக்காக வைத்துக்கொண்டு மற்றவர்கள் புகுந்து விளையாட வேண்டாம்.

அப்புறம், "இன்னிக்கு ஜி.எச். எப்படி இருக்குன்னு பாத்தியா, பாத்ரூம் போனியா" என்பீர்கள். போனேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஓர் அரசு மருத்துவமனையில்தான் கிடந்தோம். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்டார்கள், கொடுத்தேன். லிஃப்ட் ஓடவில்லை. பாத்ரூம் பற்றி எழுதினால் நீங்கள் சாப்பிட முடியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போட வந்த நர்ஸ், அப்பாவின் கையில் நரம்பு கிடைக்காமல் அரை மணி நேரம் தேடினார். "தாத்தா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க, என் அப்பாவும் இப்படித்தான்" என்று பேசிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தச் சம்பளம். அது மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அந்த வாரம் வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஏன், பணம் இல்லையா? இங்க கொண்டாந்து போட்டிருக்கே?"

டேய், உன்னிடம்தான் பேசுகிறேன். நீ படித்த பிணவறை மேஜை, நீ கை பழகிய வார்டு, உன் கத்திக்கு முதலில் தன் வயிற்றைக் காட்டிய ஜனம், எல்லாம் எந்த ராணி கொடுத்தது? என் தாத்தா கம்பவுண்டர் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் உனக்குச் சிரங்கு வந்தபோது அவர் குழைத்த களிம்பைத்தான் உன் அம்மா பூசினார்கள். அந்த வீடியோவுக்குப் போய் இதயம் போடுகிறாய்.

கமெண்டில் வருபவர்கள் போர் கமிட்டி அறிக்கையில் அந்தப் படுக்கைக் கணக்கையாவது ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். ரயில், தபால், ஆங்கிலம், கிரிக்கெட் என்று ஆரம்பிப்பவர்களை நீக்குவேன். ஏற்கெனவே மூன்று பேரை நீக்கியாயிற்று.