அதெல்லாம் தாங்கும் அண்ணாச்சி

வேனுக்குள்ள குடித்தனம் நடத்துறவங்க எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடமா இருக்கும். மீட்டர் எடுக்காம, டேப்பு எடுக்காம, காதுல இருக்கிற பென்சிலைக்கூட எடுக்காம வேனை வீடா மாத்திக் குடுக்கிற பட்டறைக்காரர் சொல்ற ஒரே வசனம்: "அதெல்லாம் தாங்கும் அண்ணாச்சி."

நேத்து ராத்திரி கேரளா பார்டர் பக்கம் புளியரை ரோட்டோரம் அது தாங்குன லட்சணத்தைக் கேளுங்க.

வெளிய சாரல். மணி ஒன்பதே கால். அரை லிட்டர் தண்ணி, ஒரு கட்டஞ்சாயா, அவ்வளவுதான் ஆசை. இண்டக்‌ஷன் அடுப்பை 1000 வாட்டுல வச்சு பட்டனை அமுக்குனா, ஃபேன் முனகுது, எல்இடி மங்குது, இன்வெர்ட்டர் 'கீ கீ'ன்னு கத்தி ஆஃப் ஆகுது. அரை நிமிஷத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா உயிர் வருது. மறுபடி பட்டன். மறுபடி கீ கீ. மூணாவது தடவை. நாலாவது தடவை. தண்ணி இன்னும் குழந்தையைக் குளிப்பாட்டுற சூட்டுலதான் இருக்கு. அஞ்சாவது தடவை மெத்தைக்கு அடியில இருந்து ரப்பர் கருகுன வாசம்.

ஏன்? அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். 1000 வாட்டை பேட்டரியோட 12 வோல்ட்டால வகுத்தா 83 ஆம்பியர். இன்வெர்ட்டர் தின்னுறதையும் சேர்த்தா 100 பக்கம். அதுக்குப் போட்டிருந்த வயர் 6 ஸ்கொயர் எம்எம், வீட்டு மெயினுக்கு இழுக்கிற வயர்! பேட்டரி பின்பக்கக் கட்டிலுக்கு அடியில, இன்வெர்ட்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி. போக 3 மீட்டர், வர 3 மீட்டர். அந்த ஆறு மீட்டர்லயே 1.75 வோல்ட் காலி. பேட்டரியில 12 கிளம்பினா இன்வெர்ட்டர் வாசலுக்கு 10.25தான் வந்து சேருது. பெரும்பாலான இன்வெர்ட்டர் 10.5 பக்கத்துலயே கத்த ஆரம்பிச்சிரும். அது ஒழுங்காத்தான் கத்துச்சு, பாவம். காணாமப் போன 1.75 வோல்ட் எங்க போச்சு? வயரைச் சூடாக்கிட்டு இருந்துச்சு. 175 வாட். மூணு பழைய 60 வாட் குண்டு பல்பை பிளைவுட்டுக்கும் மெத்தைக்கும் நடுவுல எரியவிட்டுட்டு அதுமேல படுக்கிறதுக்குச் சமம். சாதா பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான் செஞ்சது.

ஃபியூஸ் இருக்கே? இருக்கு, இன்வெர்ட்டர் பக்கத்துல, பளபளன்னு, எல்லாரும் பார்க்கிற மாதிரி. ஃபியூஸ் காப்பாத்த வேண்டியது வயரைய்யா! நடுவுல வயர் உரசித் தகரத்துல பட்டா, பேட்டரி தன்கிட்ட உள்ள அத்தனையையும் கொட்டும். அந்தக் கோடியில இருக்கிற ஃபியூஸுக்குச் சேதியே போகாது. பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் இருக்கணும்.

காலையில பட்டறைக்காரருக்கு போன் போட்டுக் கேட்டதுக்கு வந்த பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "இண்டக்‌ஷன் போட்டா எப்படி அண்ணாச்சி தாங்கும்?"

அப்போ பில்லுல 'இண்டக்‌ஷன் பாயிண்ட்'டுன்னு எழுதிக் காசு வாங்குனது யாரு, பண்பொழி முருகனா?

சரி, கேட்டுக்கோங்க. இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒட்டி வைங்க, ஒன்றரை மீட்டருக்கு மேல கேபிள் வேண்டாம். 1000 வாட்டுக்கு 35, 2000-க்கு 50 ஸ்கொயர் எம்எம் காப்பர். வெல்டிங் கேபிள் வாங்குனா நுனியைச் சுரண்டிப் பாருங்க, வெள்ளையா வந்தா அலுமினியம், திருப்பிக் குடுத்துருங்க. கேபிள் நுனியில மாட்டுற லக்கை ஹைட்ராலிக் கிரிம்பர்ல அமுக்கச் சொல்லுங்க. சுத்தியலால ரெண்டு போடு போட்டுட்டு டேப்பு சுத்துனா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வண்டியைக் கிளப்பிருங்க. 1000 வாட்டுக்கு 150 ஆம்பியர் ஃபியூஸ், 2000-க்கு 250.

இல்லையா, டீக்கு 5 கிலோ சிலிண்டரே போதும். கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையில தேங்கும், அதனால சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில வெளிய போற ஓட்டை வேணும். மழைன்னு கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திட்டு அடுப்பைப் பத்த வைக்காதீங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் இறக்கி வைங்க.

பேட்டரி இன்னொரு கூத்து. 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர், ஆசிட் ஊத்துறது, தலைமாட்டுல! சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடுற சாமான் அது. வெளிய குழாய் இழுக்காம அதுமேல மெத்தை போட்டிருக்கு. எஸ் வளைவுல வண்டி சாய்ஞ்சா அதுவும் சாயும். அந்த 150-ம் மெதுவா 20 மணி நேரத்துல எடுத்தாத்தான் 150. நூறு ஆம்பியரா உறிஞ்சினா பாதி தேறினாலே பெருசு.

கூரையில காத்தாடி வைக்க ஓட்டை போட்டு, புளிச்ச காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் தடவினதையும் சொல்லணும். அந்த வாசமே ஆசிட்தான். வெட்டுன தகரத்துல பட்டா துரு. வெட்டுன ஓரத்துக்கு பிரைமர் அடிச்சு, பியு (பாலியூரிதேன்) சீலன்ட் போடணும். "வெட்டுனா கேரளாவுல எம்விடி, அதான் மோட்டார் வாகனத் துறை, பிடிக்காதா?"ன்னு கேட்டா, "நான் பேசிக்கிறேன்." யாருகிட்ட? ஆர்சியில உள்ள அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு, அதுவும் கேரளாவுல இருந்து போன வழக்குலதான். ஆரியங்காவு தாண்டி எம்விடி மறிச்சு நிறுத்துனா, போனை யாருகிட்ட குடுக்கிறது?

இதெல்லாங்கூட விடுங்க. இது குற்றாலம் சீசன் நேரம். பிரானூர் பார்டர்ல பரோட்டா தின்னுட்டு ஓரமா நிறுத்திப் படுத்தா, விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கதவு தட்டல். நம்பர் பிளேட்டு வெள்ளை, சொந்த வண்டின்னு பார்க்க மாட்டானுவ. "அண்ணே, ஐந்தருவிக்கு ஆளுக்கு எவ்வளவு?" வாயில பிரஷ்ஷோட இல்லைன்னு தலையாட்டுறதுக்குள்ள நாலு பேரு உள்ள ஏறியாச்சு. தலையில இருந்து கால் வரைக்கும் எண்ணெய் தேய்ச்ச நாலு பேரு. மெத்தை மேல.