யாழ்ப்பாணமா வவுனியாவா? சாப்பாடு மட்டும் கிளிநொச்சியில்

இனி யாராவது என் முன்னால் வந்து, "இருக்கிறதுக்கு யாழ்ப்பாணம் நல்லமோ, வவுனியா நல்லமோ" என்று வாயைத் திறந்தால், கையில் இருக்கிற அகப்பைதான் பதில் சொல்லும். நல்லூர்த் திருவிழா வந்தால் ஒரு சுற்று, கலியாண வீடு என்றால் ஒரு சுற்று, வெளிநாட்டில் யாராவது பென்ஷன் எடுக்கப் போகிறார் என்றால் இறுதிச் சுற்று. இரண்டுக்கும் நடுவில், கிளிநொச்சியில் ஏ9 வீதி ஓரத்தில் குந்தியிருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தபடி கேட்டுத் தொலைத்திருப்பீர்கள்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் நடந்தது இறுதிச் சுற்று. லண்டன் சித்தப்பா ஊரோடு வந்து இருக்கப் போகிறாராம். வீடு எங்கே வாங்குவது என்று முடிவெடுக்க யாழ்ப்பாணத்துப் பெரியப்பாவும் வவுனியா மாமியும் கூடினார்கள். கூடிய இடம் எங்கள் வீடு. ஏன் என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் வசதியாம். வந்த மாமி, வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, கிளிநொச்சிக்காரர்களான எங்களுக்கே முறிகண்டிக் கச்சான் கடலையை அன்பளிப்பாகத் தந்தார். பெரியப்பா ஒரு பை பருத்தித்துறை வடை கொண்டுவந்து, அதில் பாதியை அவரே தின்று முடித்தார். அதுவரை நான் பொறுமையாகத்தான் இருந்தேன்.

பெரியப்பாதான் தொடங்கினார். "யாழ்ப்பாணம் எண்டால் யாழ்ப்பாணம்தான். கோயில் இருக்கு, கடல்மீன் இருக்கு, பலாலியில ஏறினால் சென்னையில இறங்கலாம்." முழங்கால் வலியோடு திரும்பி வருகிற மனிதர் வாராவாரம் சென்னைக்குப் பறந்து என்ன செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமி விடுவாரா? "அண்ணை, அங்க ரெண்டு பரப்புக் காணி வாங்கிற காசுக்கு இங்க வளவோட வீடே எடுக்கலாம்" என்று குருமன்காடு, வைரவபுளியங்குளம் எல்லாம் ஒழுங்கை ஒழுங்கையாகக் கூட்டிக்கொண்டு போனார். "வவுனியாவில நிண்டால் மன்னாருக்கு ஒரு ரோட்டு, திருகோணமலைக்கு ஒரு ரோட்டு, கொழும்புக்கு ஒரு ரோட்டு."

"எல்லாம் ஊரை விட்டு வெளியால போற ரோட்டுத்தானே? ஊர் நல்லதெண்டால் சனம் ஏன் போகுது?"

சொன்னவர் யார்? இரண்டு பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, பூட்டிய மேல்வீட்டுக்குக் கீழே தனியாக இருக்கிற பெரியப்பா.

அடுத்து தண்ணீர். மாமி, "உங்கட கிணத்துத் தண்ணியை முதல் குடிச்சுக் காட்டுங்கோ" என்றார். பெரியப்பா, "உங்கட தண்ணி கேத்திலுக்குள்ள சுண்ணாம்பு பூசுது" என்றார். ஒருவர் யாழ்ப்பாணக் கிணற்றில் நைத்திரேற்று என்றார், மற்றவர் வவுனியாத் தண்ணீரால் சிறுநீரக நோய் என்றார். சுடச்சுடச் சண்டை பிடித்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இன்னொரு செம்பு தண்ணி தாம்மா" என்றார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர். மடக் மடக்கென்று குடித்தார்கள். "நல்ல தண்ணி" என்று வாயைத் துடைத்துவிட்டு விட்ட இடத்தில் தொடங்கினார்கள். இது புதிதா என்ன? எங்கள் இரணைமடுக் குளத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகத் திட்டம் போட்டு, எங்கள் விவசாயிகள் வயலுக்கே காணாது என்று மறித்தபோது, நாங்கள் ஏதோ பெரும் பாவிகள் என்பதுபோல் பேச்சு வாங்கினோம். கடைசியில் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள். கடலையே குடிக்கலாம் என்றால் அதை முதலிலேயே செய்திருக்கலாமே ஐயா!

அப்புறம் படிப்பு. "எஞ்சினியரிங் எங்க இருக்கு? எங்கட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில" என்று பெரியப்பா மேசையில் தட்டினார். அந்தப் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். விவசாய பீடமும் அங்கேதான். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் நான்கு மோட்டார் சைக்கிளை மறித்துக் கேட்டிருந்தால், அதில் போகிற கம்பஸ் பிள்ளைகளே காட்டியிருப்பார்கள். மாமி மட்டும் சும்மாவா? "2021இல இருந்து எங்களுக்கும் தனிப் பல்கலைக்கழகம் இருக்கு" என்று வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவை இழுத்துவந்து போட்டார். ரயில் கதையும் வந்தது. 1990இல் போரால் அற்றுப்போன யாழ்ப்பாண ரயில் பாதை திரும்ப வந்தபோது, 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சி வரைதான் ஓடியது. யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபரில். அந்த நாளில் பெரியப்பாவே இங்கே பஸ்ஸில் வந்து, எங்கள் வீட்டில் கோப்பி குடித்து, எங்கள் ஸ்டேஷனில் ஏறிக் கொழும்புக்குப் போனவர். அதெல்லாம் மறந்து போச்சு.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். விரால் குழம்பைப் பார்த்ததும் பெரியப்பா மூக்கைச் சுருக்கினார். "குளத்து மீன்... சேத்து மணம் வரும்." சரி, வரட்டும் என்று கருவாட்டுப் பொரியலைத் தள்ளி வைத்தேன். சட்டியில் கடைசியாகக் கிடந்த விரால் தலையை யார் எடுத்தது? அவரேதான். முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினார். மாமி எருமைத் தயிரைக் கட்டி கட்டியாக வெட்டிப் போட்டுக்கொண்டே, "சின்னண்ணை, இந்தத் தயிர் எங்கட பக்கம் கிடைக்காது" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார். அப்போதுதான், அதுவரை வாயே திறக்காத எங்கள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "வட்டக்கச்சியில ஐயாவின்ர காணியில லண்டன் தம்பிக்கு ஒரு ஏக்கர் பங்கு சும்மா கிடக்குதுதானே?"

ஒரு ஏக்கர் என்றால் 16 பரப்பு. அவர்களோ இரண்டு பரப்புக்கு இரண்டு மணித்தியாலமாக அடிபடுகிறார்கள். பெரியப்பா சோற்றுக் கையை அப்படியே நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். "அது வயல் பக்கமல்லோ தம்பி. அங்க என்னண்டு ஒரு மனுசன் இருக்கிறது?"

இதை யாருடைய வீட்டில் இருந்து சொல்கிறார்? வாய்க்குள் இருக்கிற சோறு யாருடைய வயலில் விளைந்தது? யாழ்ப்பாணத்தில் சனம் கூடி, வேலை இல்லாமல் போனதால்தானே 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றமே தொடங்கியது! பிறகு அப்படி வந்து காடு வெட்டியவர்களில் ஒருவர்தான் இவர்களுடைய சொந்த அப்பா. அவர் மனிசர் இல்லையா?

மாமியாவது எங்கள் பக்கம் கதைப்பார் என்று பார்த்தால், "ஓம் ஓம், இது சரிவராது" என்று காலையில் இருந்து முதல் தடவையாக அண்ணனோடு ஒத்துப்போனார்.

உச்சம் இன்னும் வரவில்லை. சித்தப்பாவை வட்ஸ்அப்பில் எடுத்தார்கள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்து, இரண்டு பேரும் மாறி மாறி வாதம் வைத்தார்கள். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க வாங்கினாலும் பிரச்சினை இல்லை. வாற போற வழியில சின்னண்ணை வீட்டில நிண்டு சாப்பிடலாம்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பாவும் சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாராளுமன்றத் தேர்தல் வந்தால் நாங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். 1984இல் இருந்து தனி நிர்வாக மாவட்டமாக இருந்தும், எங்கள் வாக்கு அங்கேதான் போகிறது. வெள்ளம், வறட்சி என்றால் உடனே நாங்கள் 'வன்னி மக்கள்'. பசித்தால் மட்டும் 'எங்கட கிளிநொச்சி'.

போகும்போது இரண்டு வாகனத்திலும் மொட்டைக்கறுப்பன் அரிசி மூட்டை ஏறியது. பெரியப்பா கூடுதலாக ஒரு சின்ன மூட்டை கேட்டார். மாமி தயிர்ச் சட்டியோடு போனார். முடிவு? இன்னும் எடுக்கவில்லையாம். தை பிறந்த பிறகு திரும்பக் கூடிக் கதைப்பார்களாம். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கே சிரிப்பு வருகிறது.

தேங்காய்ச் சம்பல் காணாது என்று மாமி சொன்னதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேங்காய்க்கு எங்கே போக? குரும்பை பிடிக்கும் முன்னமே குரங்கு பிடுங்கி எறிகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி, காலை 8 மணியில் இருந்து 8.05 வரை, வளவில் நிற்கிற குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணித் தரச்சொல்லி நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்களே, நினைவிருக்கிறதா? நானும் பேனையும் தாளுமாக முற்றத்தில் நின்றேன். அந்த ஐந்து நிமிடமும் ஒரு குரங்குக் குட்டி கூட எட்டிப் பார்க்கவில்லை. தாளில் பூச்சியம் என்று எழுதிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறேன், கூரையில் தடதடவென்று சத்தம்.