மேட்ச் முழுப்பெயரையும் ஒப்பிடாது

பல சர்வர்களில் வேலைகளைத் தானாக ஓட்டும் அன்சிபிள் கருவியைப் பற்றி, “வென் (when) நிபந்தனையில் மேட்ச் (match) போட்டுவிட்டால் சர்வரின் முழுப்பெயரும் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் டாஸ்க் (அந்த வேலை) ஓடும், பயமில்லை” என்று ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்சிபிளில் அது அப்படி இல்லை. இதை நம்பி புரொடக்‌ஷன் சர்வரில் கை வைத்தால் வம்புதான்.

அன்சிபிளின் மேட்ச், பைத்தான் நிரல்மொழியின் மேட்ச் மாதிரியே எழுத்துச் சரத்தின் தொடக்கத்தை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும், முடிவைக் கண்டுகொள்ளாது. ‘வெப்1’ என்று பேட்டர்ன் (பொருத்திப் பார்க்க வேண்டிய வடிவம்) கொடுத்தால் வெப்1 மட்டுமல்ல, வெப்10, வெப்12, வெப்1-பேக்கப் எல்லாமே உள்ளே வந்துவிடும். அந்த டாஸ்க் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செர்ச் (search) என்ற இன்னொரு டெஸ்ட் இன்னும் தாராளம்: நடுவில் எங்கே இருந்தாலும் சரி என்றுவிடும்.

முழுதாகப் பொருந்த வேண்டுமென்றால் பேட்டர்னின் கடைசியில் டாலர் குறியைப் ($, ‘இங்கே முடிய வேண்டும்’ என்று பொருள்) போடுங்கள். ஒரே ஒரு சர்வர்தான் என்றால் ரெஜெக்ஸே (இப்படிப் பேட்டர்ன் எழுதும் முறை) எதற்கு? நேராக ஒப்பிடும் இரட்டைச் சமக்குறி (==) போதும்.

அப்புறம், அதே பதிவில் பதிப்பு எண்ணைச் சோதிக்க ‘8.1’ என்ற பேட்டர்ன் இருக்கிறது. ரெஜெக்ஸில் புள்ளி என்பது ஏதோ ஒரு எழுத்து, அதனால் 801-உம் தேறிவிடும்; முடிவைப் பார்க்காததால் 8.10-உம் தேறும். புள்ளியைச் சதுர அடைப்புக்குள் வைத்தால் முதல் சிக்கல் மட்டும் தீரும். (பின்சாய்வுக்கோடும் போடலாம், ஆனால் அன்சிபிள் கோப்புகளை எழுதும் யாமல் வடிவத்தின் இரட்டை மேற்கோளுக்குள் அது தனித் தலைவலி.) பதிப்புகளை ஒப்பிட வெர்ஷன் என்றே ஒரு டெஸ்ட் இருக்கிறது, 8.10 என்பது 8.9-ஐ விடப் பெரியது என்று அதற்குத் தெரியும், ரெஜெக்ஸுக்குத் தெரியாது.